வண்ணந்தீட்டிய குடும்ப ஒளிப்படம்

வண்ணந்தீட்டிய குடும்ப ஒளிப்படம் என்பது, குடும்பத்தினர் ஒருவரின் பழைய கருப்பு வெள்ளை ஒளிப்படத்தின் மீதோ, அதிலிருந்து பெரிதாக்கி எடுத்த படியின் மீதோ, கையால் வண்ணமும் கோடும் சேர்த்து, வீட்டில் நிலையாக மாட்டி வைப்பதற்கென ஆக்கப்படும் நினைவுப் படம் ஆகும். ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839ஆம் ஆண்டை ஒட்டியே இவ்வழக்கமும் தோன்றிவிட்டது. வண்ணப்படச் சுருள்கள் மலிவாகும் வரை, அதாவது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை, உலகின் பல பகுதிகளில் இது ஒரு முழுநேரத் தொழிலாக இருந்தது. இன்று பெரும்பாலும் கணினி வழியே செய்யப்படுகிறது.

இவ்வகைப் படத்தில் இருவேறு சான்றுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அமைகின்றன. அடியில் இருப்பது ஒளி பதித்த உருவம். மேலே இருப்பது, குடும்பத்தார் சொல்லக் கேட்டு ஓவியர் சேர்த்த நிறமும் அணியும் சில வேளைகளில் பார்வையும் ஆகும். பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தெரியும். எது ஒளி பதித்தது, எது நினைவு சேர்த்தது என்று பிரித்தறிய முடியாமற் போவதே இக்கலையின் வெற்றியும் சிக்கலும் எனலாம்.

பெயரும் எல்லையும்

தமிழில் இதற்கென ஒரே பெயர் நிலைக்கவில்லை. ஒளிப்படம், நிழற்படம், புகைப்படம் என மூன்று சொற்கள் மூலப் படத்துக்கே வழங்குகின்றன. ஸ்டூடியோக்களில் நெகடிவின் மீதோ படியின் மீதோ பென்சிலாலும் தூரிகையாலும் செய்யப்படும் திருத்தம் "டச்சிங்" எனவும், பெரிதாக்கிய படி "என்லார்ஜ்மெண்ட்" எனவும் அழைக்கப்பட்டன. ஒளிப்படத்தைப் பார்த்துத் தனித் துணியிலோ தாளிலோ வரையப்படும் உருவ ஓவியம் இதில் அடங்காது. ஒளிப்படமே அடித்தளமாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் எல்லை.

தோற்றம்

தொடக்கக் கால ஒளிப்படமாகிய டாகுரோவகைப் படம், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதிவானது. உருவம் வியக்கத்தக்க துல்லியத்துடன் அமைந்தாலும் முகம் ஈயத்தின் நிறத்தில் உயிரற்றுத் தோன்றியது. உருவப்படத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் இதை விரும்பவில்லை. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஓவியரான யோகான் பாப்டிசுட்டு ஐசன்ரிங் என்பவர் 1840 அளவில், கருவேலம் பிசினுடன் கலந்த வண்ணப் பொடியைத் தகட்டின் மீது தூவி, வெப்பத்தால் நிலைநிறுத்தும் முறையைக் கையாண்டார். இங்கிலாந்தில் ரிச்சர்டு பியர்டு 1842இல் வண்ணமிடும் முறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். தகட்டின் பரப்பு விரல் பட்டாலே அழிந்துவிடக் கூடியது. ஆதலால் மிக மென்மையான தூரிகையால் கன்னத்தில் சிறிது சிவப்பும், நகைகளில் ஒரு புள்ளி பொன்வண்ணமும் வைப்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொண்டனர்.

1850இல் முட்டை வெண்கருப் பூச்சுடைய தாள் அறிமுகமானபின் ஒளிப்படம் தாளுக்கு மாறியது. தாளில் நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், கரிக்கோல், சுண்ணக்கோல் ஆகிய அனைத்தும் ஏறும். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரைச் சேர்ந்த ஓவியர் டேவிட் உட்வர்டு, கதிரவன் ஒளியால் சிறு படத்தைப் பெரிதாக்கும் கருவிக்கு 1857இல் காப்புரிமை பெற்றார். இக்கருவியால் கிடைத்த பெரிய உருவம் மங்கலாகவே இருந்தது. அம்மங்கலின் மேல் ஓவியர் கரிக்கோலால் முடி, புருவம், உடை ஆகியவற்றை வரைந்து நிறைவு செய்தார். "கிரேயான் உருவப்படம்" எனப்பட்ட இவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சிற்றூர் வீடுகளில் பரவின. ஊர் ஊராகச் சென்ற முகவர்கள் சிறு படங்களை வாங்கிச் சென்று பெரிய படங்களாகத் திருப்பித் தந்தனர். படம் இலவசம் என்று சொல்லிச் சென்று, பின்னர் சட்டத்துக்கு மிகுந்த விலை கேட்ட முகவர்களும் அக்காலத்தில் இருந்தனர்.

சப்பானின் யோக்கோகாமா நகரில் பெலிசு பியாட்டோ, குசகாபே கிம்பெய் முதலியோரின் நிலையங்கள் வண்ணந்தீட்டிய படங்களைப் பெருமளவில் உருவாக்கின. ஆனால் அவை பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணிகள் வாங்கிச் சென்ற ஊர்க்காட்சிகளே ஆதலால், குடும்ப நினைவுப் படங்களின் வரலாற்றில் அவற்றுக்குத் தொழில்நுட்ப அளவில் மட்டுமே இடம் உண்டு.

இந்தியாவில்

ஒளிப்படக் கலை இந்தியாவுக்கு 1840 அளவிலேயே வந்துவிட்டது. 1854இல் பம்பாயிலும், 1856இல் கல்கத்தாவிலும் சென்னையிலும் ஒளிப்படக் கழகங்கள் தோன்றின. அரண்மனைகளில் வேலை குறைந்து வந்த நுண்ணோவியர்கள் பலர் ஒளிப்பட நிலையங்களில் பணியில் சேர்ந்தனர். இவர்கள் கையில் வண்ணமிடும் முறை தலைகீழாக மாறியது. ஐரோப்பிய ஓவியர், ஒளிப்படம் கீழே தெரியுமாறு மெல்லிய நிறத்தைப் பூசினார். இந்திய ஓவியரோ அடர்த்தியான வண்ணத்தால் பின்னணி, தரைவிரிப்பு, உடை ஆகியவற்றை முழுவதும் மூடினார். முகமும் கைகளும் மட்டும் ஒளிப்படமாக எஞ்சின. சில படங்களில் முகத்தின் மீதும் வண்ணம் ஏறி, அடியில் ஒளிப்படம் இருப்பதே தெரியாமற் போனது. மன்னர்களும் நிலக்கிழார்களும் தங்கள் முன்னோரின் ஓவியங்களுக்கு அருகில் மாட்டுவதற்கு ஏற்ற படமாக இதைக் கண்டனர்.

இராசத்தானிலுள்ள நாத்துவாரா இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டாகும். அங்குள்ள சிறீநாத்சி கோயிலுக்கு வரும் குடும்பத்தினர், தாங்கள் இறைவன் முன் வழிபட்டு நிற்பதாக "மனோரதம்" என்னும் படத்தைச் செய்வித்துக்கொள்வர். கோயிலும் இறைவனும் ஓவியரால் வரையப்பட்டிருக்கும். அடியார்களின் உடலும் வரையப்பட்டதே. முகங்கள் மட்டும் ஒளிப்படத்திலிருந்து வெட்டி ஒட்டப்பட்டு, கழுத்தோடு பொருந்துமாறு வண்ணம் தீட்டப்பட்டிருக்கும். கண்டுகொள்ளத் தக்கதாக இருக்க வேண்டியது முகம் ஒன்றே என்பது இப்படங்களின் கருத்து.

தமிழகத்தில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் வீலே அண்டு கிளைன் போன்ற நிறுவனங்கள் செல்வர்க்குரிய உருவப்படங்களை எடுத்தன. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மாவட்டத் தலைநகர்களிலும் சந்தை ஊர்களிலும் ஸ்டூடியோக்கள் தோன்றின. தீட்டிய திரை, முக்காலி, பூச்சாடி, ஒரு நாற்காலி ஆகியவை பெரும்பாலான ஸ்டூடியோக்களில் இருந்தன. திருமணம், குழந்தையின் முதலாண்டு, பூப்பு நீராட்டு விழா ஆகியவற்றின் பொருட்டுக் குடும்பத்தினர் அங்குச் சென்றனர். பூத்தைத்த சடையும் முகமும் ஒரே படத்தில் தெரிவதற்காகப் பெண்ணின் பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து எடுக்கும் முறை தமிழக ஸ்டூடியோக்களில் பரவலாக இருந்தது. இத்தகைய படங்களில் சடையின் பூக்களுக்கும் புடவைக் கரைக்கும் மட்டும் நிறம் ஏற்றுவதும் உண்டு.

செட்டிநாட்டு வீடுகளில், குடும்பத் தலைவர் அல்லது தம்பதியரின் ஒளிப்பட உருவை வெட்டி, அச்சிட்ட தெய்வப் படத்தின் பக்கத்தில் வணங்குவதுபோல் ஒட்டிச் சட்டமிட்ட படங்கள் காணப்படுகின்றன. நாத்துவாராவின் மனோரதத்துடன் இதற்கு நேரடித் தொடர்பு உள்ளதாகக் கொள்ள வேண்டியதில்லை. ஒரே விருப்பம் இரண்டு இடங்களில் தனித்தனியே வழி கண்டிருக்கலாம்.

ஆயினும் தமிழகத்தில் இக்கலையின் பெரும்பகுதி இறப்பை ஒட்டியே அமைந்தது. இறந்தவரின் படத்தைக் கூடத்தில் மாட்டிப் பொட்டிட்டு மாலையிடுவதும், திதி நாளில் அதன் முன் படையலிடுவதும் பரவலான வழக்கம் ஆகும். பதினாறாம் நாளிலோ நினைவு நாளிலோ உறவினரும் ஊராரும் கூடிப் படத்திறப்பு நடத்துவதும் உண்டு. எனவே இறந்தவருக்கு ஒரு பெரிய படம் வேண்டும்; அதுவும் குறித்த நாளுக்குள் வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை கூடத் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளாதவர்கள், குறிப்பாகப் பெண்கள், பலர் இருந்தனர். அந்நிலையில் ஸ்டூடியோவுக்கு வந்து சேர்ந்தவை இவை: திருமணக் கூட்டப் படத்தின் மூன்றாம் வரிசையில் பாதி மறைந்த ஒரு முகம், பேரனை மடியில் வைத்திருக்கையில் அசைந்துவிட்ட ஓர் உருவம், 1993இல் வாக்காளர் அடையாள அட்டை அறிமுகமான பின், அவ்வட்டையின் தெளிவற்ற சிறுபடம்.

இதிலிருந்து டச்சிங் செய்பவர் ஒரு முழு உருவை ஆக்கினார். கூட்டப் படத்திலிருந்து முகத்தை மட்டும் பெரிதாக்கி, அருகிலிருந்தவரின் தோளை மறைத்து, மறைந்திருந்த காதை வரைந்து, வேறொருவரின் தோளையும் சட்டையையும் பொருத்தினார். வேறு வேறு காலங்களில் எடுத்த கணவன் மனைவி படங்களை இணைத்து, அருகருகே அமர்ந்தவர்களாகக் காட்டினார். மனைவி இருபத்தைந்து வயதிலும் கணவர் எழுபது வயதிலும் ஒரே சட்டத்துள் இருக்கும் படங்கள் இவ்வாறு தோன்றியவையே.

படமே இல்லாதவர் இறந்தால், உடலை நாற்காலியில் சாய்த்து அமர்த்தி, சுற்றிலும் குடும்பத்தினர் நிற்க ஒளிப்படம் எடுக்கும் வழக்கமும் இருந்தது. பின்னர் அப்படத்திலிருந்து முகத்தைப் பிரித்து, மூடிய இமைகளின் மீது திறந்த கண்களை வரைந்தனர். இது இக்கலையின் மிகக் கடினமான பணியாகும். ஒளிப்படத்தில் இல்லாத ஒன்றை, பார்த்திராத ஒருவருக்கு, அவரைப் பல்லாண்டுகள் பார்த்தவர்கள் ஏற்குமாறு செய்ய வேண்டும். மகன் அல்லது உடன்பிறந்தாரின் கண்ணைப் பார்த்து வரைவது இதற்குரிய எளிய வழி. விழியின் கருமணியில் ஒளிப்புள்ளி எங்கே விழ வேண்டும் என்பதை, மூக்கின் நிழல் விழுந்த திசையைக் கொண்டே முடிவு செய்தல் வேண்டும். புள்ளி தவறிய பக்கத்தில் விழுந்தால் பார்வை செயற்கையாகத் தோன்றும். சில வீடுகளில் மாட்டியிருக்கும் படங்களில் கண்கள் மட்டும் சற்றுக் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் இதுவே.

எண்ணிமக் கருவிகள் வந்தபின் இந்த ஸ்டூடியோக்கள் பல மூடப்பட்டன. அவற்றின் கண்ணாடித் தகடுகள் கழுவப்பட்டுக் கண்ணாடியாகவும், அவற்றிலிருந்த வெள்ளிக்காகவும் விற்கப்பட்டன. 2010களில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன், எஞ்சியிருந்த தமிழக ஸ்டூடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியது.

சாம்பல் நிறத்தின் சிக்கல்

கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து மூல நிறத்தைக் கண்டறிய முடியுமா என்பது இக்கலையின் அடிப்படை வினா. முடியாது என்பதே விடை. அரக்கு நிறப் புடவையும் கரும்பச்சைப் புடவையும் படத்தில் ஒரே சாம்பல் நிறமாக அமையக் கூடும்.

பழைய படங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. தொடக்கக் காலத் தகடுகள் நீல ஒளியையும் புறஊதாக் கதிர்களையும் மட்டுமே உணர்ந்தன. 1873இல் எர்மன் வோகல் என்னும் செருமானிய வேதியியலாளர், சாயம் கலந்த பூச்சு பச்சை, மஞ்சள் ஒளியையும் உணரும் என்பதைக் கண்டறிந்தார். சிவப்பு உட்பட எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தாலும், பரவலான பயன்பாட்டுக்கு வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. ஆகவே அதற்கு முந்தைய படங்களில் வானமும் நீலத்துணியும் வெளுத்தும், சிவப்பும் மஞ்சளும் கருத்தும் தோன்றும்.

இதன் விளைவு தமிழ்க் குடும்பப் படங்களில் தெளிவாகத் தெரியும். குங்குமப் பொட்டு கரிய பொட்டாகத் தெரியும். மஞ்சள் பூசிய முகம் உண்மையைவிடக் கருத்து விழும். வெற்றிலைச் சிவப்பேறிய உதடு கருமையாகும். சிவப்புக்கல் தோடு ஒளியற்ற கருங்கல்லாகக் காட்சி தரும். இவ்வகைப் படத்தைப் பார்த்துத் தம் பாட்டி மிகக் கருத்தவர் என்று எண்ணும் பேரப்பிள்ளைகள், தகட்டின் குறையைப் பாட்டியின் நிறமாகக் கொள்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

எனவே நிறம் குடும்பத்தாரின் வாய்ச்சொல்லிலிருந்தே வர வேண்டியிருந்தது. புடவையின் நிறம், கரையின் நிறம், மூக்குத்தி இடப்பக்கமா வலப்பக்கமா, நெற்றியில் திருநீறா நாமமா, கல் சிவப்பா வெள்ளையா ஆகியன கேட்டறியப்பட்டன. சொன்னவை எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. இல்லாத அட்டிகையை வரையச் சொன்னவர்களும், பருத்திச் சேலையைப் பட்டாக்கச் சொன்னவர்களும் உண்டு. அடகு வைத்து மீட்க முடியாமற் போன நகை படத்திலாவது கழுத்துக்குத் திரும்புவதைப் பொய் என்று மட்டும் கூறிவிட இயலாது. அதே வேளையில், அப்படத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்ப்பவர் அதை உண்மையான நகையாகவே கொள்வார்.

செய்முறை

கையால் வண்ணமிடுவதற்கு மூன்று வகை வண்ணங்கள் பயன்பட்டன. நீரில் கரையும் சாயங்கள் படத்தாளின் செலட்டின் பூச்சுக்குள் ஊறிப் பளிச்சென்ற நிறம் தரும். ஆனால் ஒருமுறை ஊறியதை எடுப்பது கடினம். நீர்வண்ணம் மேற்பரப்பில் நிற்கும். ஒளி ஊடுருவும் எண்ணெய் வண்ணமே இருபதாம் நூற்றாண்டில் பெரிதும் விரும்பப்பட்டது. ஈரமாக இருக்கும் வரை தவறைத் துடைத்துவிட முடியும் என்பது இதன் சிறப்பு.

எண்ணெய் வண்ணமிடும் முறை வருமாறு. முதலில், பளபளப்பில்லாத தாளில் சற்று வெளிறிய படி ஒன்று எடுக்கப்படும். கருமை மிகுந்த படியில் நிறம் தெரியாது. பின்னர் அப்படி பழுப்பு நிறமூட்டப்படும். இதில் படத்திலுள்ள வெள்ளி, வெள்ளி சல்பைடாக மாறுகிறது. சாம்பலை விடப் பழுப்பின் மேல் தோல் நிறம் இயல்பாக அமையும். படமும் நெடுநாள் நிற்கும். இவ்விரண்டாம் பயன் ஓவியர்கள் வேண்டிப் பெற்றதன்று, தானாக வாய்த்தது.

படியை அட்டையில் பொருத்தியபின், கற்பூரத் தைலத்தால் மேற்பரப்பு துடைக்கப்படும். பின்னணி, உடை போன்ற பெரிய பரப்புகளில் பஞ்சால் வண்ணம் வைத்து, உலர் பஞ்சால் சீராகத் தேய்த்து மெலிதாக்குவர். தேய்க்கத் தேய்க்க நிறம் குறைந்து அடியிலுள்ள நிழல் தெரியும். எவ்வளவு தேய்ப்பது என்பதே கைத்திறன். கண், உதடு, பொட்டு, கரை ஆகிய சிறு பகுதிகளுக்குக் குச்சியில் சுற்றிய பஞ்சு பயன்படும். நகைகளுக்கு மட்டும் ஒளி ஊடுருவாத பொன் வண்ணம் இறுதியில் நுண்தூரிகையால் வைக்கப்படும். ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் இது உலர்வதற்குப் பல நாட்கள் ஆகும். அதுவரை தூசு படாமல் காத்தல் வேண்டும்.

நெகடிவில் செய்யப்படும் டச்சிங் இதனின் வேறானது. சாய்வு மேசையின் கண்ணாடி மீது நெகடிவை வைத்து, கீழிருந்து ஒளி பாய்ச்சி, ஊசிபோல் சீவிய பென்சிலால் சிறுசிறு கோடுகள் இடுவர். நெகடிவில் கருமை சேர்த்த இடம் படியில் வெளுக்கும். அம்மைத்தழும்பு, சுருக்கம், கண்ணின் கீழ்க் கருமை ஆகியன இவ்வாறு மறைக்கப்பட்டன. அளவு மீறினால் முகம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிடும்.

பிற நாடுகளில்

பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில் தமிழக வழக்கத்தை மிகவும் ஒத்த ஒரு மரபு உள்ளது. ஃபோட்டோபிந்துரா எனப்படும் இதில், பொனெக்கெய்ரோ என்னும் முகவர்கள் வறண்ட உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று, அடையாள அட்டைப் படங்களையும் கிழிந்த சிறு படங்களையும் வாங்கி வருவர். ஓவியர் அவற்றைப் பெரிதாக்கி, உழவருக்குக் கோட்டும் கழுத்துப்பட்டையும், பெண்களுக்கு நகையும் அணிவிப்பார். இறந்தவருக்குக் கண் திறப்பதும், பிரிந்திருப்பவரைச் சேர்ப்பதும் இங்கும் வழக்கம். ஃபோர்த்தலேசா நகரின் மெசுத்திரே சூலியோ சாந்தோசு, வண்ணத் தூரிகையிலிருந்து கணினிக்கு மாறி இம்மரபைத் தொடர்ந்தவராக அறியப்படுகிறார்.

மெக்சிக்கோவில் இது சிற்பமாக வளர்ந்தது. ஃபோட்டோஎசுகுல்துரா எனப்படும் பொருளில், ஒளிப்பட முகம் மரத்தில் செதுக்கிய மார்பளவு உருவின் மீது ஒட்டப்பட்டு, வண்ணந்தீட்டி, கண்ணாடிச் சட்டத்தினுள் நிறுத்தப்படும். 1920களின் பிற்பகுதியிலிருந்து 1980கள் வரை மெக்சிக்கோ நகரப் பட்டறைகளில் இவை செய்யப்பட்டன. அமெரிக்காவில் குடியேறிய மெக்சிக்கோக் குடும்பங்களும் முகவர் வழியே இவற்றைப் பெற்றன. இரண்டாம் உலகப் போருக்குச் சென்ற மகன்களின் உருவங்கள் இவற்றுள் மிகுதி. இக்கலையின் இறுதிக் கலைஞர்களுள் ஒருவராக புரூனோ எசுலாவா குறிப்பிடப்படுகிறார்.

கணினிக் காலம்

1990இல் ஃபோட்டோசாப் மென்பொருள் வெளியானபின், டச்சிங் மேசையின் பணி படிப்படியாகக் கணினிக்கு மாறியது. தமிழக ஸ்டூடியோக்களும் இப்பணியைக் கணினியில் தொடர்ந்தன. கையில் செய்தவற்றையே இதிலும் செய்தனர். தோளை மாற்றுவது, இருவரை இணைப்பது, பின்னணியில் பூந்தோட்டம் வைப்பது ஆகிய விருப்பங்கள் மாறவில்லை.

மாற்றம் 2010களின் பிற்பகுதியில் வந்தது. இலட்சக்கணக்கான வண்ணப் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட நிரல்கள், கருப்பு வெள்ளைப் படத்துக்குத் தாமே நிறம் ஊகிக்கத் தொடங்கின. 2018இல் வெளியான டிஓல்டிஃபை இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. மைஹெரிட்டேஜ் நிறுவனம் 2020இல் வண்ணமிடும் சேவையையும், 2021இல் பழைய படத்தின் முகத்தை அசையச் செய்யும் சேவையையும் தொடங்கியது. இந்நிரல்கள் தரும் நிறம், எதிர்கொண்ட படங்களில் மிகுதியாகக் காணப்பட்ட நிறமாகும். பொட்டு கருப்பாகவே விடப்படுவதும், பட்டுப்புடவை மங்கிய பழுப்பாக அல்லது நீலமாக மாறுவதும் இதனால் நிகழ்கின்றன. டச்சிங் செய்தவரும் ஊகித்தார்தான். ஆனால் அவர் முதலில் கேட்டார்.

நிறத்துக்கு அப்பால் முகபாவத்தை மாற்றுவது பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. கம்போடியாவில் கெமர் ரூச் ஆட்சியின்போது (1975-1979) துவோல் சிலெங் சிறையில் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டவர்களின் படங்கள் அங்குள்ள அருங்காட்சியகத்தில் உள்ளன. 2021 ஏப்ரலில் ஓர் இணைய இதழ் அவற்றுள் சிலவற்றின் வண்ணமிட்ட வடிவங்களை வெளியிட்டது. மூலத்தில் சிரிக்காத முகங்கள் சில அவற்றில் சிரித்தன. கம்போடியப் பண்பாட்டு அமைச்சு இதைக் கண்டித்து நீக்கக் கோரியது, இதழும் நீக்கியது. வீட்டுக் கூடத்தில் மாட்டும் தாத்தாவின் படத்தில் சிறு புன்னகை சேர்ப்பதும் இதுவும் ஒரே செயல் போலத் தோன்றலாம். ஆயினும் தாத்தாவின் புன்னகையைக் கேட்பவர் அதைப் பார்த்தவர். கொல்லப்படுவதற்கு முன் எடுத்த படம் அக்கொலைக்கான சான்று. அதில் சேர்க்கும் புன்னகை சான்றை அழிக்கிறது.

மூலப் படத்தைக் காத்தல்

பழைய படத்திலிருந்து புதிய நினைவுப் படம் செய்யும்போது மூலம் கெடுவதே மிகுதியாக நேரும் இழப்பாகும். மூலத்தின் மீது நேரடியாக வண்ணமிடுதல், பசையுடன் கூடிய ஒட்டுநாடாவால் கிழிசலை ஒட்டுதல், சூடாக்கி நெகிழித்தாள் ஒட்டும் லேமினேசன் செய்தல் ஆகியவை மீட்க முடியாத தீங்கு செய்வன. லேமினேசன் செய்த படத்தைப் பிரித்தெடுக்க முயன்றால் செலட்டின் அடுக்கும் உடன் வந்துவிடும். ஒட்டும் பக்கங்களையுடைய ஆல்பங்களும் இத்தகையனவே.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரிக்கக் கூடாது. கண்ணாடியோடு சேர்த்தே வருடிப் படமெடுத்துக்கொள்ளலாம். வண்ணந்தீட்டிய பழைய படங்களை நீரால் துடைத்தல் கூடாது. மேலுள்ள நீர்வண்ணம் கரைந்து, பல ஆண்டுகள் காத்த முகம் ஒரு நொடியில் போய்விடும்.

வருடியில் ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்பது பொதுவாகப் போதுமானது. சிறிய படங்களுக்கு 1200 தேவைப்படும். 3.5 சென்டிமீட்டர் அகலமும் 4.5 சென்டிமீட்டர் உயரமும் உடைய கடவுச்சீட்டு அளவுப் படத்தை 1200 புள்ளிகளில் வருடினால், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் உயரமும் உள்ள அச்சு கிடைக்கும். இதற்கு மேல் பெரிதாக்கினால், புதிதாகத் தெரியும் விவரம் ஊகமே. திருத்தம் எதுவும் செய்யாத கோப்பு ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டும் பணி செய்தல் வேண்டும். கையால் வண்ணமிட விரும்புவோரும் அந்நகலின் அச்சுப்படி மீதே அதைச் செய்யலாம்.

மாட்டும்போது கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடையில் அட்டை விளிம்பு வைத்தல் வேண்டும். வெயில் படும் சுவரும், விளக்கின் புகை படும் மாடமும் ஏற்றவையல்ல. ஈரமான பூமாலை சட்டத்தின் பின்புறத்தில் ஈரத்தைச் சேர்க்கும். சந்தனச் சீவல் மாலையில் இக்குறை இல்லை. குங்குமமும் சந்தனமும் கண்ணாடியின் மீது மட்டும் வைக்கப்பட வேண்டும். செலட்டினையும் பசையையும் தின்னும் வெள்ளிப்பூச்சிகள் சட்டத்தின் பின் அட்டை வழியே நுழைவதால், ஆண்டுக்கு ஒருமுறை பின்புறத்தைப் பார்த்தல் நன்று.

படத்தில் இருப்பவரின் பெயர், எடுத்த ஊர், அறிந்த அளவில் ஆண்டு ஆகியவற்றை மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் ஓரத்தில் எழுதலாம். பேனா மை காலப்போக்கில் முன்புறத்துக்கு ஊறிவிடும். வண்ணமிட்ட படியாயின், எந்தெந்த நிறத்தை யார் சொன்னார், எது சேர்க்கப்பட்டது என்பதையும் பின் அட்டையில் எழுதி வைப்பது பயனுடையது: புடவை அரக்கு, மூத்த மகள் சொன்னது, அட்டிகை சேர்த்தது, கண்கள் வரைந்தவை.